புளியங்கட்டைப் பிடியும் மே மாத விளிம்பும்

பழுது பார்த்து வந்த என் சமையல் கத்தியை மேல் வீட்டு நண்பர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், எனக்கும் இதே மாதிரி புளிய மரத்துல ஒரு பிடி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

லாரி கமான் பட்டையில், அதாவது பழைய ஸ்பிரிங் தகட்டில், அடித்த கத்தி. இரும்பு பிடியின் கடைசி வரை ஓடும், இரண்டு பக்கமும் மரம், மூன்று பித்தளை ரிவிட். இந்த வகைக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எஃகில் எனக்குக் குறையே இல்லை. வாழைப்பூ நறுக்கினால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும், தெரிந்துதான் வாங்கினேன். பேச்சு பிடியைப் பற்றி.

பட்டறையில் போட்டுக் கொடுத்தது ஏதோ வெளுத்த மரம். சென்னையின் ஒரு மழைக்காலம் அதற்குப் போதுமானதாக இருந்தது. ஊறி, ஆட்டம் கண்டு, பூஞ்சை பிடித்தது. அப்புறம்தான் ஊரிலிருந்து வந்த புளியங்கட்டையில் மாற்றினேன். நன்றாக வைரம் பாய்ந்த நடுக்கட்டை. கறிக்கடை வெட்டுக்கட்டையும் புளியமரம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி வைரம் பாயாத வெளிப்பக்கத்து வெள்ளை மரம். வெட்டுக்கட்டைக்கு அது சரி, பிடிக்கு ஆகாது, பூச்சி அரித்துவிடும். அந்தக் கருஞ்சிவப்பு வைரம் வயதான மரத்தின் நடுவில் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அதுவும் ரம்பத்தின் பல்லை மழுக்கிவிட்டுத்தான் வெளியே வரும்.

வந்த பிறகோ, சொல்லவே வேண்டாம். உப்புத்தாளை 220 நம்பர் வரை போட்டு (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்), ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நார் எழும்பியதும் காயவிட்டு மறுபடி தேய்த்து, 400-இல் முடித்தோம். இந்த ஈரத்துணி வேலையைச் செய்துவிட்டால் பின்னால் கழுவும்போது சொரசொரப்பு அவ்வளவாக வராது. வார்னிஷ் இல்லாமலே ஒரு மங்கலான பளபளப்பு. மீன் அரியும்போது ஈரக்கையிலும் வழுக்காது. ஐந்தாறு வருடம் ஆகியும் மரத்தில் ஒரு வெடிப்பு இல்லை.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். மே மாதம் வந்தால் பிடியின் முதுகில் இரும்பின் விளிம்பு தலைதூக்கும். கால் மில்லிமீட்டர்கூட இராது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நகத்தில் தட்டும். ஒரு கிலோ சின்ன வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் ஆள்காட்டி விரலின் அடி சிவந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் நேர்மாறு: மரம் உப்பும், இரும்பு உள்ளே போய்விடும்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் ஈரம் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் கட்டையை எந்த வாக்கில் அறுத்தார்கள் என்பதும் முக்கியம். இரும்புக்கு அக்னி நட்சத்திரமும் தெரியாது, அடைமழையும் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பிணைத்தால் இந்தச் சண்டை இருக்கத்தான் செய்யும். இதெல்லாம் புரிகிறது. விரலுக்குப் புரிய வேண்டுமே!

போன மே மாதம் சாணை பிடிக்கக் கொடுத்த இடத்தில், ஒரு வார்த்தை கேட்காமல், பெல்ட் மெஷினில் வைத்து இரும்பையும் மரத்தையும் ஒரே மட்டமாக இழுத்துவிட்டார்கள். வாங்கும்போது வழவழவென்றுதான் இருந்தது. மழை வந்ததும் மரம் இரும்பைத் தாண்டி எழுந்து நின்றது. மெஷின் சூட்டில் பசையும் விட்டிருக்க வேண்டும், இடுக்கில் தண்ணீர் இறங்கியது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது மரத்தை வெளியே நெட்டித் தள்ள, ஒரு ரிவிட் கழன்று வந்தது. இப்போது செய்த பழுது அதற்குத்தான். அதனால் நியாயமாகப் பார்த்தால் பாதிப் பழி மரத்தின் மேல் இல்லை. கோபம் வரும்போது இந்த நியாயம் நினைவுக்கு வருவதில்லை, அது வேறு.

இந்த முறை வேறு தச்சர். துருவைச் சுரண்டி, இரும்பைக் கரடாக்கி, அசிட்டோனில் துடைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட் எபாக்ஸிப் பசை போட்டார். பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறும் அளவுக்குக் கிளாம்பை முறுக்கவில்லை. தை பிறந்து ஈரம் மட்டுப்பட்ட பிறகுதான் மட்டம் பார்த்தார். இரும்பின் விளிம்பை உருட்டியும் விட்டார். தட்டினாலும் குத்தாதாம், மே மாதம் பார்க்கலாம்.

எண்ணெய் விஷயம். வீட்டில் எல்லோரும் தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள். அது காய்ந்து இறுகாது, அடுத்த கழுவலில் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் காற்றுபட்டு இறுகிப் படலமாகும். மெல்லிசாகத் தடவி, துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் உலோக உப்பு சேர்த்திருக்கலாம், சமையல் கத்திக்கு வேண்டாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள்.

ஈட்டி மரம் போடலாமே என்பார்கள். அழகுதான். ஆனால் அதன் தூள் சிலருக்கு அரிப்பு, ஒவ்வாமை எல்லாம் கொண்டுவரும். 2017 முதல் அந்த மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வேறு இருக்கிறது. கருங்காலிக்கோ மாலை மோகம் வந்த பிறகு எது அசல் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? வேண்டாம். அவர் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் இருக்கிறது. அந்தச் சூட்டில் பசை இளகும், மரம் பிளக்கும். மெஷின் ஓடாத நாளில் கத்தி ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறும். பிளாஸ்டிக் பிடி போட்டது ஒன்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். மேலே புகழ்ந்ததெல்லாம் உண்மைதான். இருந்தாலும் இந்த மே மாதம் அந்த விளிம்பு மறுபடி தட்டினால் நானும் பிளாஸ்டிக்குக்கே போய்விடுவேன். மீதிப் புளியங்கட்டை, இரண்டு நுனியிலும் மெழுகு பூசி, பரணில் கிடக்கிறது. நண்பர் அதைக் கேட்டாலும் தருவதாக இல்லை.