கிளினிக்கிலிருந்து பாலர் பாடசாலைக்கு: ஒரு தாளும் ஒரு படப்பட்டியும், மூன்று தவணைப் பாவனைக்குப் பிறகு

வளர்ச்சித் தாமதத்துக்காக இரண்டு வயதிலிருந்தே சிகிச்சைக்குப் போய்வரும் பிள்ளையைப் பாலர் பாடசாலையில் சேர்க்கும்போது கூடவே போகவேண்டியவை இரண்டு: வீட்டார் எழுதிய ஒரு பக்கத் தாள், அன்றைய நாளின் ஒழுங்கைக் காட்ட, வெல்குரோவில் ஒட்டி எடுக்கக்கூடிய படங்களை வரிசையாக வைத்த படப்பட்டி. திருகோணமலை வெயிலிலும் மழையிலும் மூன்று தவணை பாவித்ததில் தெரியவந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் காலக்கணக்கு. அமெரிக்காவில் பெற்றோர் சம்மதித்தால், பிள்ளையின் மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்னதாக, பாலர் பாடசாலைக்கு மாறுவதைத் திட்டமிடவென்று ஒரு கூட்டம் வைக்கவேண்டும் என்பது சட்டம். இங்கே அந்தக் கணக்கை வீட்டார்தான் வைத்திருக்கவேண்டும். ஜனவரியில் சேர்ப்பதென்றால் செப்டெம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். மாரி மழை பிடித்துவிட்டால் குச்சவெளி, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கிளினிக் நாளும் தவறும், பாடசாலையைப் பார்க்கப் போகும் நாளும் தவறும்.

இனித் தாள். வைத்திய அறிக்கையின் போட்டோக்கொப்பியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் ரீச்சர் அதைப் புரட்டிப் பார்க்கமாட்டார், பார்த்தாலும் 'வெளிப்பாட்டு மொழித் தாமதம்' என்ற வரியை வைத்து அவரால் ஒன்றும் செய்யமுடியாது. அதையே இப்படி எழுதினால் அன்றைக்கே செய்வார்: 'தண்ணி வேணுமெண்டால் போத்தலைக் கொண்டுவந்து உங்கள் கையில் வைப்பாள். மூடியில் கை வைத்தபடி "தண்ணி" என்று ஒருதரம் சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். "த" என்று வந்தாலும் திறந்து கொடுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் கொடுங்கள்.' கடைசி வரியை விட்டுவிடக்கூடாது. அது இல்லாததால், சொல் வரும்வரை ரீச்சர் போத்தலைத் திறக்காமல் வைத்திருக்க, பிள்ளை போத்தலைக் கண்டாலே அழத் தொடங்கியதுண்டு.

இதே மாதிரி மலசலகூடம், சாப்பாடு, சத்தம், அழுதால் எப்படி ஆற்றுவது என்று இன்னும் நான்கு விஷயம் போதும். வீட்டுச் சொற்களையும் எழுதிவிடுங்கள். 'உம்மா' என்று பழகிய கிண்ணியாப் பிள்ளைக்கு 'அம்மா வருவா' என்ற ஆறுதல் போய்ச் சேராது. தாளின் தலையில் திகதி கட்டாயம். தவணைக்கு ஒருதரம் புதிதாக எழுதாவிட்டால், பிள்ளை எப்போதோ விட்டுவிட்ட பழக்கத்துக்கு ரீச்சர் இன்னும் இடம்கொடுத்துக்கொண்டிருப்பார்.

படப்பட்டியில் கஷ்டம் கூட, பலனும் கூட. வரைந்த படத்தைவிடப் போட்டோ நல்லது, அதுவும் அந்தப் பாடசாலையின் பாய், அந்தப் பாடசாலையின் குழாய். வீட்டில் கொமட், அங்கே குந்தும் மலசலகூடம் என்றால் அந்தப் போட்டோவை ஒரு மாதம் முன்பே வீட்டில் காட்டிப் பழக்கவேண்டும். 6 சென்ரிமீற்றர்ச் சதுரம், ஒரு பட்டியில் ஐந்து படம், அதற்கு மேல் வேண்டாம். லெமினேட் பண்ணியபின் படத்தின் ஓரத்தோடு ஒட்ட வெட்டாதீர்கள். சுற்றிவர 3 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் விடாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிப் படம் இரண்டாகப் பிரியும். கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் வெல்குரோவின் பசை இளகி, படத்தை இழுக்கும்போது வெல்குரோவும் சேர்ந்து வந்துவிடும். துணிப்பட்டியில் தையற்காரரிடம் கொடுத்து வெல்குரோவைத் தைத்தபிறகுதான் அந்தப் பக்கத்துத் தொல்லை தீர்ந்தது. படங்களின் பின்புறம் இன்னும் பசைதான், தவணைக்கு ஒருதரம் மாற்றவேண்டும். பட்டி பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்கவேண்டும். உதவி ரீச்சர் மாறும்போதெல்லாம் அது பத்திரமாக அலுமாரிக்கு மேலே ஏறிவிடும், போய்ப் பாருங்கள்.

முதல் நாட்களில் காலையில் ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு இடையில் கூட்டிவருவதுதான் வழக்கம். அதைவிடக் கடைசி ஒரு மணித்தியாலத்துக்குக் கொண்டுபோவது நல்லது என்பதே எங்கள் அனுபவம். பாட்டு முடியும், பை தூக்குவார்கள், வாசலில் வீட்டார் நிற்பார்கள். நாள் எப்படி முடியும் என்பதை எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து பிள்ளை பார்த்துவிடும். அந்த ஒரு மணித்தியாலம் அழாமல் போகத் தொடங்கியபின், அரை அரை மணியாக முன்னுக்கு நீட்டலாம்.

பாடசாலை தொடங்கியதும் 'இனி ரீச்சர் பார்த்துக்கொள்வார்' என்று கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். முதல் தவணையில்தான் சிகிச்சையாளருக்குக் காட்டவேண்டிய புதிய சிக்கல்கள் வரும். அதற்காக ஒரு சின்னக் கொப்பி பையில் இருக்கட்டும், ரீச்சர் நாளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். குழப்படி மட்டும் பதிவாகும் கொப்பியைத் தாய்மார் பிறகு திறக்கவே பயப்படுவார்கள். ஆகவே முதல் வரி பிள்ளை தானாகச் செய்த ஒன்றாக இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டில் சேர்க்கும் நேரம் வரும்போது, திகதியிட்ட பழைய தாள்களை வரிசையாக அடுக்கிப் புதிய தாளின் பின்னால் குத்திக் கொடுங்கள்.