22 பல்லும் ஒரு திருகும்: நான்கு ஆண்டு மலைப் பயணங்களுக்குப் பின் என் மிதிவண்டி

முன்சக்கர பிரேக்கை நேற்றுதான் பழுதுபார்த்து முடித்தேன். சக்கரத்தோடு சுழலும் உலோக வட்டான டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகளில் (பேட்) உள்பக்கத்தது முழுதாகத் தேய்ந்துபோய், அதன் பின்னாலிருந்த உலோகத் தகடு டிஸ்க்கை நேரடியாக உரசி, வட்டமாக ஒரு பள்ளம் கீறிவிட்டிருந்தது. மலைப்பகுதிகளில் நெடுந்தூரம் போவதற்கு இதே வகை வண்டியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதும் இதே வாரத்தில்தான். விரல் இடுக்கில் ஒட்டிய கறுப்பு இன்னும் போகாத நிலையில் எழுதுவதால், எரிச்சல் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். படிப்பவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

வண்டியின் வகை பலருக்கும் தெரிந்ததுதான். எஃகுச் சட்டகம், முன்னும் பின்னும் கேரியர், 36 கம்பிகள் கொண்ட சக்கரங்கள், 38 மி.மீ. அகல டயர்கள், முன்னால் மூன்று பல்சக்கரங்கள், பின்னால் 11 பல்லிலிருந்து 34 பல் வரை, கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக். வண்டி, பைகள், நான் எல்லாம் சேர்ந்து 110 கிலோ. சட்டகத்தைப் பற்றியும் கேரியர்களைப் பற்றியும் குறை சொல்ல எதுவும் இல்லை. இருக்கை முதல் பயணத்தில் வதைத்தது, பிறகு பழகிவிட்டது. பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி ஒன்று ஒரு முறை அறுந்தது. சுமை ஏற்றிய வண்டிகளில் முதலில் அறுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கம்பிதான் என்பதால் அதையும் வண்டியின் குற்றமாக எழுத மனம் வரவில்லை.

முதலில் எனக்குக் கிடைத்த இன்பத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபம் அதை விழுங்கிவிடும். வண்டி வந்தபோது முன்னால் 48, 36, 26 பற்கள் இருந்தன. முதல் பயணத்தின் மூன்றாம் நாள் ஏற்றத்தில் 26 பல்லும் போதாமல் இறங்கித் தள்ளிய பிறகு, வீடு திரும்பியதும் அதைக் கழற்றிவிட்டு 22 பல் சக்கரத்தை மாட்டினேன். இந்த நான்கு ஆண்டுகளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். முன்னால் 22, பின்னால் 34 என்றால், மிதிகளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 1.4 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கி.மீ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் பாதையில் 110 கிலோவை அந்த வேகத்தில் ஏற்றுவதற்குச் சுமார் 130 வாட் போதும். பந்தய வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 34-க்கு 34 என்ற அமைப்பில் அதே பாதையை, அதே சுற்று வேகத்தில் ஏற வேண்டுமானால் 200 வாட் தேவைப்படும். அரை மணி நேரத்துக்கு 200 வாட் கொடுப்பவர்கள் பலர் இருக்கலாம். காலையிலிருந்து மாலை வரை, நாளை மறுநாளும், அதற்கடுத்த நாளும் கொடுக்க என்னால் ஆகாது.

இந்த வேகத்துக்கு நடந்தே போகலாமே என்று கேட்பவர்கள், சுமையேற்றிய வண்டியை ஏற்றத்தில் தள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளுவதில் இடுப்பு ஒடியும், மிதி கெண்டைக்காலில் இடிக்கும், கையை எடுத்தால் வண்டி பின்னோக்கி உருளும். 22 பல்லில் அமர்ந்து மெதுவாக மிதிக்கும்போதோ மூச்சு இரைப்பதில்லை. வயல் வரப்புகளும் ஓடைகளும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். இதற்கும் குறைந்த கியரால் பெரிய பயன் இல்லை. மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே போனால் வண்டி தள்ளாடத் தொடங்குகிறது, மிச்சப்படும் சக்தி சமநிலையைக் காப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மாற்றியதற்கு ஒரு விலையும் உண்டு: முன்னால் சிறியதிலும் பின்னால் சிறியதிலும் செயினைப் போட்டால் அது தளர்ந்து தொங்குகிறது. அந்தச் சேர்க்கையை யாரும் பயன்படுத்தப்போவதில்லை என்பதால் நான் கவலைப்படவில்லை. தூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இப்படிச் செயினை மாற்றும் கியர் அமைப்பை 1937 வரை அனுமதிக்கவில்லை. அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, மறுபக்கத்திலுள்ள வேறு அளவுப் பல்சக்கரம் செயினுக்கு வரும்படி பின்சக்கரத்தையே திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். குறைந்த கியரைக் கோழைத்தனம் என்று நினைக்கும் மனப்பான்மை அந்தக் காலத்தின் மிச்சமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி பிரேக். ஏற்றத்தில் நாள் முழுவதும் சேர்த்த உயரத்தை இறக்கத்தில் எங்காவது செலவழித்தாக வேண்டும். 110 கிலோ 1000 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் காற்று எடுத்துக்கொண்டது போக மீதி பெரும்பாலும் பிரேக்குக்குத்தான். நல்ல நேரான சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இறங்கினால் காற்றே பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நான் போகும் மலைக் கிராமப் பாதைகளில் அதற்கு வழியில்லை. குழியும் சரளையும் எதிரே வரும் ஆட்டு மந்தையும் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போக விடுவதில்லை. காற்று அதிகம் உதவாமலும், நேரம் அதிகம் கிடைக்காமலும் இருக்கும் அந்த நடுத்தர வேகம்தான் பிரேக்குக்கு மிக மோசமானது. எட்டு விழுக்காட்டுச் சரிவில் 400 வாட்டுக்கு மேல் அந்தச் சிறிய பேட்களில் வெப்பமாக மாறிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு விட்டு ஆறவைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். மழையில், குழியில், மாலை மங்கும் நேரத்தில் அதைக் கடைப்பிடிக்கும் நெஞ்சுரம் எனக்கு இருந்ததில்லை.

பேட் தேய்வது இயல்புதான்; எனக்குக் குறை அதில் இல்லை. தேய்ந்ததை ஈடுகட்டும் வழியில்தான் குறை. என்னுடைய பிரேக்கில் வெளிப்பக்கத்து பேட் மட்டுமே நகரும். அது டிஸ்க்கைச் சற்று வளைத்து, அசையாமல் நிற்கும் உள்பக்கத்து பேடின் மேல் அழுத்தும். எண்ணெயால் இயங்கும் பிரேக்கைப் போல் இது தேய்மானத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளாது. உள்பக்கத்து பேட் தேயத் தேய, அதற்கான திருகைத் திருப்பி டிஸ்க்குக்கு அருகில் கொண்டுவர வேண்டும். அந்தத் திருகு சக்கரத்தின் கம்பிகளை நோக்கி இருக்கிறது. கம்பிகளுக்கு இடையே கருவியை நுழைத்து, கேரியரின் கால் தடுக்காத கோணத்தைத் தேடி, கால் சுற்று திருப்பி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, உரசினால் மீண்டும் பின்வாங்க வேண்டும். பட்டறையில் ஐந்து நிமிட வேலை. அடைமழையில், விறைத்த விரல்களுடன், பைகளைக் கழற்றிச் சேற்றில் வைத்துவிட்டுச் செய்யும்போது அது என்ன வேலை என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை இல்லை. மூன்றாம் ஆண்டுப் பயணத்தில் மழை பெய்த ஒரே நாளில் இதை நான்கு முறை செய்தேன்.

மென்மையான ரெசின் (பிசின்) பேட்கள் ஈரமணலில் கரைந்துபோகின்றன என்பதால் அதன்பின் உலோகத்தூள் கலந்த பேட்களுக்கு மாறினேன். அவை நீடித்து உழைக்கின்றன. ஆனால் ஈரம் பட்டதும் எழுப்பும் கிறீச்சொலி, அடுத்த வளைவுக்கு அப்பாலிருக்கும் நாய்களைக்கூட எழுப்பிவிடும். மணி அடிக்கத் தேவையில்லாமல் போனது ஒரு வசதி என்று சொல்லிச் சமாதானம் அடைந்தேன்.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். நேற்றைய பழுதில் பாதிப் பழி என்னுடையது. உள்பக்கத்துத் திருகைத் தொட அலுப்புப்பட்டு, கடந்த பயணத்தில் பாதி நாட்கள் கேபிளின் முனையிலுள்ள குமிழை மட்டும் திருகிச் சமாளித்தேன். கையால் பிடிக்கும் லீவர் கெட்டியாகத் தெரிந்தாலும், சக்கரத்தருகே கேபிள் இழுக்கும் நெம்புகோல் பாதி வழியிலிருந்தே புறப்படுவதால், கடைசியில் அது போய் முட்டிக்கொண்டு பிடிமானம் இல்லாமல் போகிறது. உராய்வுப் பொருள் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததுமே பேடை மாற்றியிருக்க வேண்டும். வெளிப்பக்கத்து பேட் குனிந்தால் கண்ணில் படுகிறது. உள்பக்கத்தைப் பார்ப்பதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், நான் கழற்றவில்லை. இருந்தாலும், களைத்துப்போனவன் சோம்பேறியாவான் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் நெடும்பயண வண்டிக்கு ஒரு பிரேக்கைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

இதில் என்னை அதிகம் குடைவது வேறொன்று. எண்ணெய் பிரேக்கை வேண்டாம் என்று இதை வாங்கியதற்கு நான் அன்று சொன்ன காரணம், மலையில் எங்காவது எண்ணெய்க் குழாய் கசிந்தால் யார் சரிசெய்வார்கள், கேபிள் அறுந்தால் நானே மாற்றிக்கொள்வேன் என்பதுதான். நான்கு ஆண்டுகளாக மாற்றுக் கேபிள் ஒன்றைச் சுருட்டி, பையின் அடியில் சுமந்து திரிகிறேன். ஒரு முறைகூட கேபிள் அறுந்ததில்லை. வராத ஒரு விபத்துக்கு வழி வைத்திருந்தேன். தினமும் வரும் தொல்லையை அந்த வழியோடு சேர்த்தே வாங்கிக்கொண்டேன். இரண்டு பேட்களும் சேர்ந்து நகரும் கேபிள் பிரேக்குகளும் உண்டு என்பது அப்போதே தெரிந்திருந்தால், இந்தக் கட்டுரையில் 22 பல் மட்டுமே இருந்திருக்கும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இந்த வண்டியை வாங்காதீர்கள். ஏற்றத்தில் இதைவிட இதமான வண்டியை நான் ஓட்டியதில்லை, சுமையோடு இதைவிட நிதானமாக நிற்பதையும் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் வாங்காதீர்கள், குறைந்தது இந்த பிரேக்கோடு வாங்காதீர்கள். உங்களிடம் இதைச் சொல்லிவிட்டு, அடுத்த பயணத்துக்காக இதே பிரேக்குக்கு நான்கு ஜோடி பேட்கள் வாங்கி வைத்திருக்கிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பள்ளம் விழுந்த டிஸ்க்கையும் மாற்றியாகிவிட்டது. புதிய டிஸ்க்கும் புதிய பேடும் ஒன்றோடொன்று பழகுவதற்கு, மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, முழுதாக நிறுத்திவிடாமல், இருபது முறை படிப்படியாகப் பிடித்து விட வேண்டும். இன்று காலை பதினொன்று முடித்தேன். பன்னிரண்டாவதற்கு வண்டியைத் திருப்பும்போது மழை பிடித்துக்கொண்டது, கிறீச்சொலி உடனே திரும்பிவிட்டது.