மலைவீட்டில் வயிற்றுவழி டயாலிசிஸ் பை: வாங்குமுன் தெரியவேண்டியவை

மஞ்சூரிலிருந்தோ கோத்தகிரி எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தோ வாரம் 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மெஷினில் படுக்க மலையிறங்குவது லேசல்ல. மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அந்தக் கணக்கில் 2 லிட்டர் இரட்டைப் பை ஜெயிக்கிறது: ஒரு பையின் திரவத்தை வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஏற்றுவோம், வயிற்றில் இருந்த பழைய திரவம் மற்ற வெறும் பையில் வடியும். மெஷின் ஓட்டக் கரண்டும் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம்.

ஆனால் சுமை? நாளைக்கு 4 பை என்றால் மாதம் 120 பை, 240 கிலோவுக்கு மேல். ஜீப் வீட்டு வாசல் வரை வராவிட்டால் தலைச்சுமைதான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ (2021) திட்டத்தில் பை வீட்டுக்கே வருகிறது; முதலில் அங்கே பதியுங்கள்.

குளிர்தான் பெரிய வில்லன். சில்லென்று ஏற்றினால் வயிறு பிசையும், நடுக்கம் வரும். வெளியுறையோடு உலர்ந்த ஹீட்டிங் பேடில் உடல்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெந்நீரில் முக்கினால் இணைப்பு வழியாகக் கிருமி நுழையும். ஜன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவி நன்றாகத் துடைத்த பிறகே குழாயைத் தொடவேண்டும். வடிய சுமார் 20 நிமிடம், ஏற 10 நிமிடம்.

சரியாக வடியவில்லையா? பெரும்பாலும் மலச்சிக்கல், அல்லது மடங்கிய குழாய். வடிந்தது கலங்கலாக இருந்தால் கொட்டாதீர்கள். பையோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4.25 சதவீதச் சர்க்கரை (டெக்ஸ்ட்ரோஸ்) உள்ள பை உடலின் நீரை நன்றாக இழுக்கும்தான். தானாக எடுத்து மாட்டக்கூடாது: சர்க்கரை ஏறும், வயிற்றுச் சவ்வும் கெடும்.