யூத வெறுப்பை அடையாளம் காணக் கற்றுத்தரும் ஆறு வாரப் பாடம்: ஒரு மதிப்புரை

யூத வெறுப்பு என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஹிட்லரும் வதைமுகாம்களும்தான் நினைவுக்கு வருகின்றன. 1945ஆம் ஆண்டோடு முடிந்துபோன கொடுமை அது என்ற எண்ணத்துடன்தான் நானும் இந்த இணையவழிப் பாடத்தில் சேர்ந்தேன். ஆறு வாரங்கள், வாரத்திற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். காணொளி உரைகள், வாசிப்புப் பகுதிகள், வாரக் கடைசியில் ஒரு நேரடிக் கலந்துரையாடல் என்பது இதன் அமைப்பு. இனி சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் சொல்லிலிருந்து தொடங்குகிறது. யூத வெறுப்பைக் குறிக்கும் 'செமிட்டிய எதிர்ப்பு' (ஆன்டிசெமிட்டிசம்) என்னும் சொல்லை 1879இல் ஜெர்மானிய எழுத்தாளர் வில்ஹெல்ம் மார் பரப்பினார். மதத்தை வைத்து வெறுப்பது பழைய பாணி, இனத்தை வைத்து வெறுப்பதே அறிவியல் என்று காட்டிக்கொள்ள அவருக்கு இந்தச் சொல் உதவியது. செமிட்டிக் என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். அரபு மொழியும் அதில் அடக்கம். ஆனால் அந்தச் சொல் தோன்றிய நாளிலிருந்து யூதர்களை மட்டுமே குறிவைத்தது. 'அரபியரும் செமிட்டியர்தானே, அவர்கள் எப்படி யூதர்களை வெறுக்க முடியும்' என்று வாதிடுவோருக்கான பதில் இதிலேயே இருக்கிறது. தமிழில் 'யூத வெறுப்பு' என்று நேராகச் சொல்வதே தெளிவு என்று எனக்குப் பட்டது.

என்னை மிகவும் உலுக்கியது இரண்டாம் வாரம். 1348, 1349ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. நோயால் யூதர்களும் மடிகிறார்கள், யூதர்களே இல்லாத நாடுகளிலும் மக்கள் சாகிறார்கள், ஆகவே இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது என்று போப் ஆறாம் கிளமெண்ட் 1348இலேயே எழுத்தில் அறிவித்தார். அந்த அறிவிப்பால் பயன் விளையவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அன்றுவரை நோய் அந்த நகருக்குள் வரவேயில்லை. அவர்களிடம் வாங்கியிருந்த கடன்களுக்கான பத்திரங்கள் கடன் வாங்கியவர்களிடமே திருப்பித் தரப்பட்டன, ரொக்கம் பங்கிடப்பட்டது என்ற செய்தியை விரிவுரையாளர் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுச் சற்று நேரம் அமைதியாக இருந்தார். நானும் காணொளியை அங்கேயே நிறுத்திவிட்டேன். கைவினைஞர் சங்கங்களில் சேர விடாமலும் பல இடங்களில் நிலம் வைத்துக்கொள்ள விடாமலும் தடுத்து, திருச்சபை தன் மக்களுக்கு விலக்கியிருந்த வட்டித் தொழிலை யூதர்களுக்கு எஞ்சிய சில பிழைப்புகளில் ஒன்றாக ஆக்கி, பிறகு அதையே அவர்களுடைய பிறவிக் குணம் என்று பழித்த வரலாற்றை இதற்கு முன் இவ்வளவு கோவையாக நான் படித்ததில்லை.

மூன்றாம் வாரத்துப் பயிற்சி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே குடும்பம் உலக வங்கிகளையெல்லாம் கையில் வைத்திருக்கிறது என்னும் இன்றைய பகிர்வுச் செய்தி ஒன்றைத் திரையின் ஒரு பக்கத்திலும், பாரிசில் 1846இல் வெளியான ஒரு துண்டுநூலின் பகுதியை மறுபக்கத்திலும் வைக்கிறார்கள். லண்டனில் வாழ்ந்த யூத வங்கியாளர் நாதன் ரோத்ஷில்ட், 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை நேரில் கண்டு, எல்லோருக்கும் முன்பாக லண்டனுக்கு விரைந்து, பங்குச் சந்தையில் பெருஞ்செல்வம் குவித்தார் என்கிறது அந்தத் துண்டுநூல். அவர் அந்தப் போர்க்களத்தில் இருக்கவே இல்லை. இரண்டிலும் பொதுவாக உள்ள சொற்களை அடிக்கோடிடச் சொல்கிறார்கள்: திரைமறைவு, கைப்பாவை, நாடற்ற பணம். கோடு போட்டுக்கொண்டே வரும்போதுதான் இந்த வெறுப்பின் உள்கட்டு எனக்குப் பிடிபட்டது. பல இன வெறுப்புகள் எதிராளியைத் தாழ்ந்தவன் என்று சொல்லி மிதிக்கின்றன. இதுவோ அவனை எல்லாம் வல்லவனாகவும் சித்திரிப்பதால், வெறுப்பவன் தன்னை அநியாயத்தை எதிர்த்துப் போராடுபவனாகவே நினைத்துக்கொள்கிறான். உலக மக்கள் தொகையில் யூதர்கள் ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாஜிக் காலம் பற்றிய நான்காம் வாரம் நேர்த்தியாக இருந்தது. பலரும் அறிந்த செய்திகள் என்பதால் அதைக் கடந்து செல்கிறேன். என் மனக்குறை ஐந்தாம் வாரத்தில்தான். இஸ்ரேல் அரசை விமர்சிப்பது எங்கே முடிகிறது, யூத வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதே பங்கேற்றவர்கள் அனைவரும் எதிர்பார்த்திருந்த கேள்வி. சர்வதேச யூத இன அழிப்பு நினைவுக் கூட்டணி 2016இல் ஏற்றுக்கொண்ட யூத வெறுப்பின் வரையறை, இஸ்ரேல் பற்றிய அதன் எடுத்துக்காட்டுகள் குறித்த எதிர்ப்பு, அதற்கு மாற்றாக 2021இல் அறிஞர்கள் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனம் ஆகிய மூன்றையும் அரை மணி நேரத்தில் அடைத்துவிட்டார்கள். எந்த அரசையும் கண்டிப்பதுபோல் அந்த அரசையும் கண்டிக்கலாம், ஆனால் அதன் செயலுக்காகப் பக்கத்து வீட்டு யூதரிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்ற அடிப்படையையாவது இன்னும் நிதானமாக, கடினமான எடுத்துக்காட்டுகளோடு விளக்கியிருக்கலாம். மற்றொரு குறை, பாடம் முழுவதும் ஐரோப்பாவையே சுற்றுகிறது. 1941 ஜூனில் பாக்தாதில் யூதர்கள் மீது நடந்த ஃபர்ஹூத் படுகொலை ஒரே வரியில் முடிந்துவிட்டது. 1950, 51ஆம் ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ஈராக்கை விட்டு வெளியேறியதற்கு அந்த ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. வாரத் தேர்வுகளும் ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் தேறிவிடும் தரத்தில்தான் இருந்தன.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஆறாம் வாரத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். எதிர்கொள்வது எப்படி என்பதை இருவர் இருவராகப் பேசிப் பழக வைக்கிறார்கள். என்னோடு பேசியவர், குடும்பக் குழுவில் சதிக்கதை பகிரும் மாமாவாக நடித்தார். நான் எடுத்த எடுப்பிலேயே 'இது பச்சை இனவெறி' என்றேன். அவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார், பேச்சு அதோடு முடிந்தது. வழிநடத்துநர் என்னை மறுபடி தொடங்கச் சொன்னார். 'மாமா, இதை யார் எழுதினது? இதுல யூதர்கள்னு இருக்கற இடத்துல நம்ம சாதி பேரைப் போட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?' என்று கேட்டபோது, எதிரில் இருந்தவர் நடிப்பை மறந்து சிறிது நேரம் யோசித்தார். பொதுவெளியில் என்றால் பொய்யை மறுபதிவு செய்யாமல் உண்மையை முதலில் சொல்ல வேண்டும், அங்கே நம் பேச்சு பகிர்ந்தவரை விட வேடிக்கை பார்ப்பவர்களுக்கே அதிகம் தேவை, தாக்கப்பட்டவருக்குத் தனியே ஒரு வார்த்தை எழுத மறக்கக் கூடாது என்பவையும் அங்கே கற்றவைதான்.

ஆசிரியர்கள், செய்தியாளர்கள், பெரிய குழுக்களை நிர்வகிப்பவர்கள் ஆகியோருக்கு இது நிச்சயம் உதவும். காணொளிகளை மட்டும் பார்த்துச் சான்றிதழ் வாங்கிவிடவும் வழி இருக்கிறது, ஆனால் அப்படிச் செய்தால் பாடத்தின் பாதி போய்விடும். வாரக் கடைசிக் கலந்துரையாடல் ஆறுக்கும் வர முடிகிற காலமாகப் பார்த்துச் சேருங்கள்.