பழுதான புதுக் கார்: டிரேட்-இன், ரொக்கம், பைபேக், வழக்கு. கலிபோர்னியாவில் எது யாருக்கு?

புதுக் கார் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் ஒரே கோளாறுக்காக அது திரும்பத் திரும்ப சர்வீஸ் வாசலில் நிற்கிறது. அப்போது டீலர் முதலில் நீட்டுவது டிரேட்-இன் விலையைத்தான். "இதை எங்களிடமே கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல விலை போட்டுத் தருகிறோம்." சண்டை இல்லை, கடிதம் இல்லை, சாயங்காலத்துக்குள் வேறு சாவி கைக்கு வந்துவிடும். கலிபோர்னியாவில் நம்மவர்கள் பலர் இதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். இருக்கிற வழிகளிலேயே அதிக நஷ்டம் தருவது இதுதான்.

கணக்கைப் பாருங்கள். கார் விலை 42,000 டாலர். வரி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 46,000. கையிலிருந்து 6,000 கட்டி, மீதி 40,000-க்கு லோன். ஓராண்டு கழித்து லோனில் 34,000 பாக்கி இருக்கிறது, டீலர் வண்டிக்கு 31,000 போடுகிறார் என்று வையுங்கள். அந்த 3,000 பள்ளம் புது லோனில் போய் ஏறிக்கொள்ளும். பல மாநிலங்களில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் விற்பனை வரி. கலிபோர்னியாவில் அப்படி இல்லை, புது வண்டியின் முழு விலைக்கும் மறுபடி வரி கட்ட வேண்டும். முதலில் கட்டிய 6,000 போனது போனதுதான். தொழிற்சாலையில் விழுந்த கோளாறுக்கு நீங்கள் அபராதம் கட்டியதாக ஆகிறது.

டீலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமை அவருடையதல்ல, தயாரிப்பாளருடையது. 1970-இல் வந்த சாங்-பெவர்லி சட்டம் அதைத்தான் சொல்கிறது: வாரன்டியில் இருக்கும் கோளாறை நியாயமான எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குள் சரிசெய்ய முடியாவிட்டால், தயாரிப்பாளர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும். எத்தனை முயற்சி 'நியாயம்' என்பதற்கு 1982-இல் டானர் சட்டம் ஓர் அளவுகோல் கொடுத்தது. வாங்கி 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள், ஒரே கோளாறுக்கு 4 முறை வண்டியை விட்டிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 2 முறை போதும். அல்லது ரிப்பேருக்காக மொத்தம் 30 நாளுக்கு மேல் வண்டி அங்கே கிடந்திருக்க வேண்டும். இதைத் தொட்டால், போதுமான வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று சட்டமே முன்கூட்டி எடுத்துக்கொள்ளும். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை. '18 மாதம் தாண்டிவிட்டது, இனி உரிமை இல்லை' என்று சர்வீஸ் கவுன்ட்டரில் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வரம்பு இந்தச் சலுகைக்கு மட்டும்தான். வாரன்டி ஓடும் வரை தலைதூக்கும் கோளாறுக்கும் சட்டம் உண்டு. லீஸ் வண்டிக்கும் உண்டு.

பைபேக்கா, ரொக்கமா?

தயாரிப்பாளருக்கு நேரடியாக எழுதினால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பேச்சுக்கு வரும்.

பைபேக் என்றால் அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வங்கியின் பாக்கியை அடைப்பார்கள். நீங்கள் கட்டிய முன்பணம், வட்டி உட்பட மாதத் தவணைகள், வரி, பதிவுக் கட்டணம், இழுவை வண்டி, வாடகைக் கார் போன்ற செலவுகள் எல்லாம் திரும்பி வரும். கழிப்பது முக்கியமாக ஒன்று: கோளாறுக்காக முதன்முதலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய நாள்வரை ஓட்டிய மைலுக்கான தொகை. அந்த மைலை 1,20,000-ஆல் வகுத்து, காரின் விலையால் பெருக்குவார்கள். மேலே சொன்ன 42,000 டாலர் காரை 4,000 மைலில் முதன்முதலில் காட்டியிருந்தால் கழிவு 1,400 டாலர். 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று 12,000 மைல்வரை ஓட்டிவிட்டுக் காட்டியிருந்தால் 4,200. பொறுமைக்கு விலை 2,800 டாலர். பிறகு எத்தனை மைல் ஓடினாலும் சூத்திரம் அந்த முதல் நாளிலேயே நின்றுவிடும். அதனால் சந்தேகம் வந்த அன்றே வண்டியைக் காட்டிவிட வேண்டும்.

ரொக்கம் என்றால், வண்டி உங்களிடமே இருக்கும், ஒரு தொகை தருவார்கள், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். 5,000 டாலர் என்று கேட்டதும் கை அரிக்கும். இது எல்லோருக்கும் தவறான வழி என்று சொல்ல மாட்டேன். திரை அவ்வப்போது உறைந்துபோகிறது, கதவு ஓரத்தில் காற்றுச் சத்தம் கேட்கிறது, மற்றபடி வண்டி உங்களுக்குப் பிடித்திருக்கிறது, வட்டி விகிதமும் பழைய நல்ல விகிதம் என்றால், ரொக்கம் நியாயமான முடிவுதான். ஆனால் பிரேக், ஸ்டியரிங், ஃப்ரீவேயில் திடீரென்று வேகம் இழப்பது, இந்த மூன்றில் எது இருந்தாலும் ரொக்கத்தை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. என் நண்பர் ஒருவரின் வண்டி 880 ஃப்ரீவேயின் நடுத் தடத்தில் திடீரென்று வேகம் இழந்தது. மனைவியும் பின்சீட்டில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த நிறுவனம் ரொக்கத்தைத்தான் முதலில் பேசியது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை அதே வண்டியில் குழந்தைகளை ஏற்றி அனுப்ப யாருக்கு மனசு வரும்?

ரொக்கத்துக்குச் சம்மதிப்பவர்கள் கையெழுத்துக்கு முன் தாளில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மிச்சமுள்ள வாரன்டி அப்படியே தொடர்கிறதா? விட்டுக்கொடுப்பது இந்தக் கோளாறு குறித்த உரிமையை மட்டுமா, இனி வரப்போகும் எல்லாவற்றையுமா? இரண்டாவது கேள்விக்கு 'எல்லாவற்றையும்' என்று பதில் இருந்தால் 5,000 போதாது.

சிலருக்கு ரொக்கத்துக்குப் பதில் நீட்டித்த சர்வீஸ் திட்டம் இலவசமாகத் தருவதாகச் சொல்வார்கள். ஏற்கெனவே சரிசெய்ய முடியாத கோளாறை இன்னும் 3 ஆண்டு இலவசமாகச் சரிசெய்ய முயலும் வாக்குறுதி அது. மாற்று வண்டி பற்றிச் சுருக்கமாக: அதே மாடல் மேல் இன்னும் நம்பிக்கை இருந்து, விலையும் ஏறியிருந்தால் நல்லது. மைல் கழிவு அங்கேயும் உண்டு. ஆனால் மாற்று வண்டியைத்தான் எடுத்தாக வேண்டும் என்று தயாரிப்பாளர் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆர்பிட்ரேஷனா, வக்கீலா?

தயாரிப்பாளர் மறுத்தால் அடுத்த பிரிவு இது. சில நிறுவனங்கள், மாநில நுகர்வோர் துறை சான்றளித்த ஆர்பிட்ரேஷன் திட்டத்தில், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முடிவு சொல்லும் ஏற்பாட்டில், இருக்கின்றன. உங்களுக்குச் செலவில்லை. சுமார் 40 நாளில் முடிவு. முடிவை நீங்கள் ஏற்றால் தயாரிப்பாளர் கட்டுப்பட வேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஏற்கத் தேவையில்லை, நீதிமன்றம் போகலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு எதிராக வந்த முடிவை அவர்கள் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டலாம். தயாரிப்பாளருக்கு நீதிமன்றம் விதிக்கக்கூடிய அபராதத் தொகையும் அங்கே கிடைக்காது. காகிதம் கச்சிதமாக இருந்து, ஒரே தெளிவான கோளாறாக இருந்து, சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்பவருக்கு இது பொருந்தும். கோளாறு வந்து வந்து மறைகிறது, சர்வீஸ் தாள்களில் பாதிக்கு மேல் 'கோளாறு தென்படவில்லை' என்றே எழுதியிருக்கிறது என்றால், முதல் களமாக இதைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. இன்னொன்று: உங்கள் தயாரிப்பாளர் அந்தத் திட்டத்தில் இருந்தால், டானர் அளவுகோலின் சலுகையைக் கேட்பதற்கு முன் அங்கே போய்வர வேண்டும். வாரன்டி கையேட்டில் இது எழுதியிருக்கும்.

வக்கீல் என்றதும் நம்மவர்கள் பின்வாங்குவது செலவுக்குப் பயந்து. இந்தச் சட்டத்தில் நீங்கள் ஜெயித்தால் உங்கள் வக்கீலின் நியாயமான கட்டணத்தைத் தயாரிப்பாளர் தர வேண்டும். அதனால்தான் முன்பணம் வாங்காமல் வழக்கு எடுக்கிறார்கள். தயாரிப்பாளர் தெரிந்தே கடமையைத் தட்டிக்கழித்தார் என்று நிரூபித்தால், நஷ்டத்தைப் போல இரண்டு மடங்குவரை அபராதமும் விதிக்கலாம். தயாரிப்பாளர்கள் அஞ்சுவது இதற்குத்தான். மறுபக்கம், வழக்கு இழுக்கும். அதுவரை பழுதான வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: உங்கள் கட்டணம் முழுவதும் அந்தத் தரப்பிடமிருந்தா, என் தொகையிலும் பங்கு எடுப்பீர்களா? பதிலை ஒப்பந்தத்தில் எழுத்தாகவே வாங்குங்கள்.

வண்டி வாங்கும்போது டீலரின் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அது டீலருக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம், தயாரிப்பாளர் அதைக் காட்டி உங்களை நீதிமன்றத்திலிருந்து வெளியே தள்ள முடியாது என்று 2025 ஜூலையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஃபோர்டு தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது.

2025-க்குப் பிறகு இரண்டு தடங்கள்

ஏபி 1755 என்ற சட்டமும், அதைத் திருத்திய எஸ்பி 26-உம் ஒப்பீட்டையே மாற்றிவிட்டன. புது நடைமுறைக்குள் வர விரும்பும் தயாரிப்பாளர்கள் பெயர் கொடுத்துச் சேரலாம். ஜிஎம், ஃபோர்டு போன்றவை சேர்ந்தன, சேராதவையும் உண்டு. பட்டியல் மாநில நுகர்வோர் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. வேறு எதையும் செய்வதற்கு முன் உங்கள் பிராண்ட் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேர்ந்த நிறுவனம் என்றால், வாரன்டி முடிந்து 1 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வண்டி கைக்கு வந்து 6 ஆண்டைத் தாண்டக்கூடாது. இரண்டு மடங்கு அபராதம் கேட்க வேண்டுமென்றால் வழக்குக்கு 30 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்: உங்கள் பெயர், வண்டியின் அடையாள எண் (வின்), கோளாறு, ரிப்பேர் வரலாறு, பணத்தையோ மாற்று வண்டியையோ கேட்கும் வரி. அந்த 30 நாளும் வண்டி உங்களிடமே இருக்க வேண்டும். டிரேட்-இன் கொடுத்துவிட்டு வக்கீலைத் தேடிப் போகிறவர் இழப்பது இதைத்தான். அவர்கள் 30 நாளுக்குள் பைபேக்குக்கு ஒத்துக்கொண்டு, 60 நாளுக்குள் முடித்துக் கொடுத்தால் அபராதம் கேட்க முடியாது. நுகர்வோர் பக்கம் நிற்பவர்கள் பலர் இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள், காரணமும் நியாயமானதே. ஆனாலும் தனி ஆளாகக் கடிதம் எழுதும் ஒருவருக்கு அந்த 60 நாள் கெடு கையில் ஒரு பிடி கொடுக்கிறது. சேராத நிறுவனங்களுக்குப் பழைய நடைமுறைதான், காலவரம்பு பொதுவாக 4 ஆண்டு.

எந்தத் தடமானாலும் விலை போவது, ஒவ்வொரு சர்வீஸ் வருகைக்கும் டீலர் தரும் தாளான ரிப்பேர் ஆர்டர்தான். நமக்கு ஆள் பழக்கத்தில் காரியம் முடிப்பது பிடிக்கும். சர்வீஸ் அட்வைசர் சிரித்துப் பேசி, "சாஃப்ட்வேர் போட்டுவிட்டோம், ஓட்டிப் பாருங்கள்" என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்த வருகைக்குத் தாள் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது நடக்கவே இல்லை. வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி, மைல், உங்கள் வார்த்தையில் புகார், இவை நான்கும் தாளில் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே படித்துவிட்டு நகருங்கள். 'பரிசோதனை' என்று மட்டும் எழுதியிருந்தால், 'வலதுபக்கம் திரும்பும்போது ஸ்டியரிங் இறுகுகிறது' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஓட்டிக்கொள்ள வேறு வண்டி கொடுத்திருந்தாலும் அந்த நாள்கள் 30 நாள் கணக்கில் சேரும்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்ஸஸில் மாநில மோட்டார் வாகனத் துறையிடம் 35 டாலர் கட்டிப் புகார் கொடுக்கலாம், வக்கீல் இல்லாமலே நடத்த முடியும். ஆனால் காலக்கெடு கடுமையானது. நியூ ஜெர்சியில் 2 ஆண்டு அல்லது 24,000 மைலுக்குள் 3 முயற்சி, அல்லது 20 நாள்.

வாரன்டி மிச்சமிருக்கும் பழைய கார் வாங்கியவர்களுக்குத்தான் நிலைமை மோசம். 2024 அக்டோபரில் ரோட்ரிகஸ் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், முந்தைய உரிமையாளரின் வாரன்டி மிச்சம் இருப்பதால் மட்டும் அது 'புது வண்டி' ஆகாது, பைபேக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதனால் பழைய கார் பார்க்கப் போகும்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் லெமன் லா (பழுதான கார்களுக்கான சட்டம்) பைபேக் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள்; உரிமைப் பத்திரத்திலும் அதே குறிப்பு இருக்கும்.