உள்ளரங்குப் பட்மின்டன்: 85 மி.மீ.யா, 70-200ஆ?

மட்டக்களப்பில் பிள்ளைகளின் பட்மின்டன் ஆட்டங்களை மண்டபத்துக்குள் படமெடுக்க என்னிடம் இரண்டு லென்ஸ். 70-200 மி.மீ. ஜூம் எஃப்/2.8 (எஃப் எண் சிறிதானால் கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும்) கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ; அரை மணியில் மணிக்கட்டு கெஞ்சும். ஆனால் கோட்டோரக் கதிரையில் இருந்தபடியே மறுபக்கப் பெடியனின் முகம்வரை போகலாம். 85 எஃப்/1.8 அவ்வளவு தூரம் எட்டாது. வெளிச்சத்தில்தான் அது வெல்லும்: 1/500 நொடியில், மற்றதற்கு ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்வு; கூடக் கூடப் படத்தில் புள்ளி விழும்) 8000 வேண்டிய இடத்தில் இதற்கு 3200 போதும். ஸ்மாஷ் அடிக்கத் துள்ளும் பிள்ளையின் நெற்றி வியர்வை மணி மணியாகத் தெரியும்.

அப்புறம், டியூப்லைட் மினுக்கம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை. அதற்கு எந்த லென்ஸும் உதவாது, கமராவில்தான் ஃப்ளிக்கர் குறைப்பைப் போட வேண்டும்.

ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் 85ஐத்தான் சொல்வேன். விலையும் நன்றாகக் குறைவு.