கொம்புச்சாவில் காபி: வாசனையூட்டிய தூளா, சிக்கரி கலக்காத பீபரியா?

வீட்டிலேயே பியர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், ஸ்டவுட் போன்ற கரிய வகைகளில் காபி சேர்ப்பது பரவலான வழக்கம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் தராததால், நொதித்த பானத்தில் காபியின் கசப்பைத் தேடும் சென்னைவாசிக்கு, சர்க்கரை சேர்த்த தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சாவே உகந்த வழி. அதில் சேர்ப்பதற்கு வனிலா, ஹேசல்நட் மணங்களில் வரும் வாசனையூட்டிய காபித்தூள் ஒருபுறம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கண்ணெதிரே அரைத்துத் தரும் பீபரி எனப்படும் உருண்டைக் காபிக்கொட்டை அல்லது பிளாண்டேஷன் ஏ என்னும் பெரிய கொட்டை அராபிகா ரகம் மறுபுறம். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பின் நான் பீபரியோடு நின்றுவிட்டேன்.

வாசனையூட்டிய இன்ஸ்டன்ட் தூளின் வசதியை மறுப்பதற்கில்லை. ஒரு கரண்டி போட்டால் கரைந்துவிடும். வடிகட்டும் வேலை கிடையாது. மணமும் உடனே வந்துவிடும். பீபரிக்கு முந்தைய இரவே திட்டமிட வேண்டும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இனிப்புக்கும் மணத்துக்கும் உள்ள உறவு. ஒரு லிட்டர் தேநீருக்கு 70 முதல் 80 கிராம் வரை சர்க்கரை சேர்த்துத்தான் கொம்புச்சாவைத் தொடங்குகிறோம். தேநீரைப் புளிக்கவைக்கும் வழவழப்பான ஆடையான ஸ்கோபியில் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்தச் சர்க்கரையில் கணிசமான பகுதியை அமிலமாகவும் வாயுவாகவும் சிறிதளவு ஆல்கஹாலாகவும் மாற்றிவிடுகின்றன. வனிலா வாசனையோ பாலும் சர்க்கரையும் உடனிருக்கும் என்ற எதிர்பார்ப்பில் காபியில் ஏற்றப்படுவது. இனிப்பு கரைந்து புளிப்பு மேலோங்கிய பானத்தில் அந்த மணம் மட்டும் தனித்து நிற்கும்போது, மூக்கு பாயசத்தை எதிர்பார்க்க, நாக்குக்குக் காடிதான் கிடைக்கிறது. மணம் தூக்கலாக இருக்கிறதென்று தூளைக் குறைத்தால் காபியின் கசப்பும் சேர்ந்தே குறைகிறது. கசப்பு போதவில்லையென்று கூட்டினால் வனிலா மற்றவற்றை மூடிவிடுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் சரிசெய்ய வழியே இல்லை. வறுத்த கொட்டையின் மேல் வாசனை எண்ணெயைப் பூசித் தயாரிக்கும் தூளில் இன்னொரு தொல்லையும் உண்டு: பாட்டிலின் கழுத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் வளையமாக ஒட்டிக்கொள்கிறது, மூடியின் ரப்பர் வளையத்தில் ஏறிய வாசனை, வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகும், அடுத்து நிரப்பும் எலுமிச்சைக் கொம்புச்சாவில் லேசாகத் தெரிகிறது. எண்ணெய் நுரையைக் குலைக்கும் என்பதால், காபி சேர்க்கும் பியர் தயாரிப்பாளர்களும் அதைக் கவனத்தில் கொள்வார்கள்.

பீபரியில் காபியை ஓர் அளவாகவும் மணத்தை வேறோர் அளவாகவும் வைத்துக்கொள்ளலாம். கடையில் சிக்கரி வேண்டாம் என்று சொல்லிக் கொரகொரப்பாக அரைத்து வாங்க வேண்டும். ஃபில்டருக்கு அரைக்கும் பதம் குளிர்நீரில் ஊறும்போது வண்டலாகிப் பானத்தைக் கலங்கடிக்கும். 100 கிராம் தூளை 800 மில்லி தண்ணீரில் போட்டு, ஃபிரிட்ஜில் 12 முதல் 16 மணி நேரம் ஊறவைத்து, முதலில் துணியிலும் பிறகு காகித வடிகட்டியிலும் வடிக்க வேண்டும். சூடான டிகாஷனை விட இதில் கசப்பு மென்மையாக இருக்கும் என்பதால், ஏற்கெனவே புளித்த பானத்தோடு முட்டிக்கொள்ளாது. ஸ்கோபியை எடுத்துவிட்டு, அடுத்த முறைக்கான புளித்த நீரையும் தனியே வைத்த பிறகு, 750 மில்லி பாட்டிலுக்கு 60 மில்லி அளவில் தொடங்குவது நல்லது. காபி மணம் தாய்க் கலவையைத் தொடாது. அடுத்த சுற்று தூய தேநீராகவே தொடங்கும்.

மணத்துக்கு நான் சேர்ப்பது நசுக்கிய சுக்குத் துண்டு ஒன்றும் ஏலக்காய் ஒன்றும். சுக்குக் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு இந்தச் சேர்க்கை அந்நியமாகத் தெரியாது. சுக்கின் காரம் புளிப்போடு ஒத்துப்போகிறது, இனிப்பு குறைந்தாலும் தளர்வதில்லை. வனிலாவே வேண்டும் என்பவர் காய் ஒன்றைக் கீறிப் போட்டு, தினமும் சுவைத்துப் பார்த்து, போதும் என்றதும் எடுத்துவிடலாம். தூளில் ஏற்றிய வாசனையை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

நான் சொல்வதெல்லாம் அராபிகா வகைகளுக்கே பொருந்தும்; ரோபஸ்டாவை ஓரிரு முறைக்கு மேல் பயன்படுத்தியதில்லை, அதன் கனத்த கசப்புக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். எந்தத் தூளானாலும், வாயுவுக்காகச் சர்க்கரை சேர்த்து மூடிய பாட்டிலைச் சென்னையின் மே மாத வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும் அபாயம் உண்டு.

வாசனையூட்டிய தூள் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுவது ஓரிடத்தில் மட்டுமே. விருந்தினர் வந்திருக்கும்போது, குளிர்ந்த கொம்புச்சாவைக் கிளாஸில் ஊற்றி, அரைக் கரண்டித் தூளைச் சிறிது வெல்லப்பாகில் கரைத்துச் சேர்த்து உடனே பரிமாறலாம். அங்கே இனிப்பும் மணமும் பிரிய நேரமில்லை, பாட்டிலின் ரப்பர் வளையத்துக்கும் அதனால் கேடில்லை.